முதல் செலவு எதற்கு?

வீடு கட்டி முடிக்கும் நடுத்தரக் குடும்பத்தின் கணக்கு நோட்டில் தோட்டத்துக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான். கம்பி, சிமெண்டு, மணல், டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று எல்லாம் போய்க் கையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய வாரம் நர்சரிக்குப் போகிறார்கள். ஒரு லோடு செம்மண், இருபது தொட்டி, பூத்து நிற்கும் பத்துச் செடி, மதிலோரம் வைக்க இரண்டு தென்னங்கன்று, ஒரு மாங்கன்று. விழாவன்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். அடுத்த அக்கினி நட்சத்திரத்துக்குள் பாதிச் செடி காய்ந்துவிடுகிறது. தோட்டமெல்லாம் பணமும் நேரமும் உள்ளவர்களுக்குத்தான் என்று அந்த வீடு முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் தோட்டத்தைக் கெடுத்தது பணத்தின் அளவைவிட அது செலவான வரிசை. பின்னால் திருத்த முடியாதவற்றை முதலில் யோசிக்க வேண்டும். காலம் சும்மா தருவதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் கிடைப்பதைக் கடைசியில் வாங்க வேண்டும். சிக்கனத் தோட்டத்தின் பாடங்களும் வருத்தங்களும் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

திருத்த முடியாதவற்றில் முதலில் வருவது மரம் வைக்கும் இடம். தக்காளியைத் தவறான இடத்தில் நட்டால் மூன்று மாதம்தான் நட்டம். தென்னையைத் தவறான இடத்தில் நட்டால் தவறும் மரத்தோடு சேர்ந்து வளரும். தோப்பில் தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். அரை கிரவுண்டு மனை என்பது 1,200 சதுர அடி. அதில் வீடு போக எஞ்சிய நான்கடிச் சந்தில் மதிலை ஒட்டி வைத்த தென்னை, காய்க்கத் தொடங்கியதும் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் மட்டையைப் போடும். வளர்த்த மரத்தை வெட்ட மனம் வராது. வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரோடு நிம்மதியாக இருக்கவும் முடியாது. கன்று வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு அதை வெட்டி இறக்கும் கூலிக்குப் போகும். அதே சந்தில் முருங்கை வைத்திருக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 ரகம் விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடியில் வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துக் கையெட்டும் உயரத்திலேயே நிற்கும். இந்த இரண்டு மரங்களுக்கும் இடையே தேர்ந்தெடுக்க ஒரு ரூபாயும் ஆவதில்லை, ஒரு நாள் யோசித்தால் போதும்.

நிழலும் அப்படிப்பட்டதுதான். வீட்டின் வடபுறத்தில் காலி இடம் இருக்கிறது, வைகாசியில் பார்த்தால் நல்ல வெயில் விழுகிறது என்று அங்கே பாத்தி கட்டிவிடுவார்கள். தமிழகம் பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கே இருப்பதால், கோடையின் நடுவில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை இதுதான் நிலைமை. மார்கழியில் அது தெற்கே வெகுதூரம் சாய்ந்துவிடும். அப்போது 20 அடி உயர வீட்டின் நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 15 அடிக்கு நீளும். காய்கறிக்கு இதமான பனிக்காலத்தில், வைகாசி வெயிலை நம்பிக் கட்டிய பாத்தி நாளெல்லாம் இருட்டில் கிடக்கும். செடிக்கு நோய் வந்துவிட்டது என்று எண்ணி மருந்து வாங்குவார்கள், உரம் வாங்குவார்கள். குறையோ வெயிலில் இருக்கிறது. ஓர் ஆண்டு முழுக்க, மாதத்துக்கு ஒரு நாள் காலை, நண்பகல், மாலை நிழலைப் பார்த்துச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தால் இந்தச் செலவில் எதுவுமே நேர்ந்திருக்காது.

அடுத்தது மண். புதுவீட்டைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் மண்ணே இல்லை. உடைந்த செங்கல், சிமெண்டுக் கலவை, ஜல்லி, மேலே நிரவிய ஏதோ ஒரு சவுடு. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், இரும்புச்சத்து அருகிலேயே இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் இலை வெளுத்துப் போகிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒரு லோடு செம்மண். அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கோ ஒரு காட்டின், ஒரு மேட்டின் மேல் தோலைச் சுரண்டிய மண் அது. அங்கே அது மறுபடி உருவாக நூற்றாண்டுகள் ஆகும். நம் வீட்டுக்கு வந்த பிறகும் மட்கு இல்லாத செம்மண் இரண்டு கோடையில் கல்லாக இறுகிவிடும்.

அதே வேலையைக் காலத்திடம் ஒப்படைத்தால் காசு வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் வேம்பும் அரசும் புங்கனும் சருகைக் கொட்டுகின்றன. தெருவெங்கும் அதைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். அந்தச் சருகு மூன்று பங்குக்குச் சமையலறைக் கழிவு ஒரு பங்கு சேர்த்து, ஈரம் காயாமல் வைத்து அவ்வப்போது புரட்டிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் மட்கிவிடும். பங்குனியில் சேர்த்த குப்பை ஆடிப்பட்டத்துக்கு உரமாகக் கையில் இருக்கும். நிலம் முழுவதையும் பண்படுத்தப் பலதானிய விதைப்பு இருக்கிறது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பொருள், பசுந்தாள் விதை என்று எல்லாவற்றிலும் கைப்பிடி கலந்து தூவி, ஐம்பது அறுபது நாளில் பூக்கும் நேரம் மடக்கி மண்ணோடு சேர்த்துவிடுவார்கள். இயற்கை விவசாயிகளிடையே பரவலாக உள்ள இந்த முறைக்கு வேண்டியதில் பாதி அஞ்சறைப் பெட்டியிலும் மளிகை டப்பாவிலுமே இருக்கும்.

மண் இல்லாத வீடுகளுக்கு மொட்டைமாடி இருக்கிறது. அங்கே வரிசை பிசகினால் வருத்தம் இன்னும் பெரிது. ஆட்கள் புழங்கும் மாடித் தளத்துக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி கணக்குப் போடுவது இந்தியக் கட்டட விதி. நனைந்த மண் ஒரு கன மீட்டர் 1,600 கிலோவுக்குக் குறையாது. ஓரடி ஆழத்துக்கு மாடியில் மண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ வந்துவிடும். செடி வாங்கும் முன் போட வேண்டிய இந்தக் கணக்கை, கூரை ஒழுகிய பிறகு போடுகிறோம். இதனால்தான் மாடித் தோட்டத்துக்குத் தென்னை நார்க்கழிவை நம்புகிறார்கள். எடை குறைவு, ஐந்து கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பும். ஆனால் மட்காத நார்க்கழிவில் உப்பு உண்டு. கரிமத்தோடு ஒப்பிட்டால் தழைச்சத்தும் மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் அதை மட்க வைக்கும் முயற்சியில் செடிக்குரிய தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அலசி, தொழுவுரமோ மட்கு உரமோ கலந்து சில வாரம் ஈரத்தில் ஆறப்போட்டால் இந்தக் கேடு பெரிதும் தணியும். வாங்கிய அன்றே பையில் நிரப்பி நாற்று நட்டவர்தான் மஞ்சளடித்த செடியைப் பார்த்து மறுபடி உரக்கடைக்கு ஓடுகிறார்.

எத்தனை பை என்பதையும் பணம் முடிவு செய்யக் கூடாது, தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். கோடையில் ஒரு பைக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால், நாற்பது பைக்கு 80 லிட்டர், மாதத்துக்கு 2,400 லிட்டர். ஐப்பசி மழையில் இது தெரியாது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் அநேகமாக வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அப்படி ஒரு கோடையில் உங்கள் வீட்டில் எத்தனை குடம் மிஞ்சுமோ அத்தனை பைதான் உங்கள் தோட்டம். மழை வரும்போது அதைப் பிடிக்கவும் வழி வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குக் குறையாமல் இறங்கும். ஆகவே செடிக்கு முன் தொட்டியும் குழாயும். பழைய கொல்லைகளில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் போகும்படி வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். இன்றைய சலவைத்தூள் நீரை அப்படியே விட முடியாது. ஆனால் அரிசி, காய்கறி கழுவிய நீருக்குத் தடை ஏதும் இல்லை.

பூச்சி விஷயத்திலும் அவசரம்தான் அதிகம் செலவு வைக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி, பப்பாளி என்று தமிழகம் முழுக்கப் படர்ந்தது. மருந்து மேல் மருந்தாக அடித்தும் அது அடங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. ஒரு வீட்டால் குளவியை வரவழைக்க முடியாதுதான். ஆனால் தானாக வந்திருக்கும் பொறிவண்டைக் கொல்லாமல் இருக்க முடியும். அசுவினியைக் கண்ட அன்றே விஷம் அடித்தால், அதைத் தின்ன வரும் பொறிவண்டும் சேர்ந்து சாகிறது. பிறகு மருந்துக் கடைதான் ஒரே துணை.

இப்படிக் காத்திருக்கச் சொன்னால் ஆர்வமே வற்றிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு வருடம் கோடு போட்டுக்கொண்டும் குப்பை கிளறிக்கொண்டும் யார் இருப்பார்கள்? நியாயமான கேள்வி. செடியே இல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து 25 நாளில் பறிக்கலாம். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை ஊன்றினால் தழைக்கும். பிரண்டை கணு கிடைத்தால் போதும். இவற்றுக்குச் சில ரூபாய்தான் ஆகும். தவறான இடத்தில் வைத்தாலும் பிடுங்கி மாற்றலாம். திருத்தக் கூடியவற்றோடு விளையாடிக்கொண்டே திருத்த முடியாதவற்றைப் பற்றி யோசிப்பதுதான் அந்த ஓராண்டின் வேலை.

சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அது முழு உண்மை. அவற்றைத் தொட்டியில் வளர்த்துச் சேமிக்கலாம் என்பது வீண் ஆசை. கறிவேப்பிலையைக் காய்க்கடையில் சும்மாவே தருகிறார்களே என்றும் கேட்கலாம். இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது என்பதையும் அந்தக் கொசுறோடு சேர்த்து எடை போட வேண்டும். நாம் தினமும் கொஞ்சமாக, பறித்த கையோடு தேவைப்படுகிற கறிவேப்பிலை, கீரை, பச்சை மிளகாய், எலுமிச்சை ஆகியவற்றில்தான் வீட்டுத் தோட்டம் கணக்கில் நிற்கும். எதை வளர்க்க வேண்டாம் என்று முடிவு செய்வதும் சிக்கனத்தில் ஒரு பகுதி.

மிகக் கனமான மறுப்பு வேறொன்று: காத்திருப்பதே வசதி உள்ளவர் செய்வது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் எந்த ஆடியை, எந்தப் பங்குனியை எதிர்பார்ப்பார்? இதில் உண்மை இருக்கிறது. அவருக்கு மரம் இல்லை, நிலம் இல்லை என்பதை மறைக்க முடியாது. ஆனால் வரிசை என்ற பாடம் அவருக்குத்தான் இன்னும் அதிகம் பயன்படும். வெயில் தாங்காத மலிவுப் பை ஒரே கோடையில் நார்நாராகக் கிழியும். பத்து மலிவுப் பையின் காசில் வாங்கிய நான்கு நல்ல பை வீடு மாறும்போது கூடவே வரும். மட்கு உரமும் அப்படித்தான். பழுக்கவிட்ட ஒரு நாட்டுக் கத்தரியின் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தால், அடுத்த வீட்டின் முதல் நாற்றங்கால் ஒரு காகிதப் பொட்டலத்துக்குள் பயணம் செய்யும்.

தோட்டத்தில் நாம் செய்யும் இந்தப் பிசகு தோட்டத்தோடு நிற்பதில்லை. விழா நாளுக்குள் எல்லாம் முடிந்து நிறைவாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், கண்ணுக்குத் தெரிவதற்கு முதலில் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தாங்கப் போவதற்குக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கிறோம். கை நிறையப் பணம் உள்ளவர் தவறான வரிசையையும் பணத்தாலேயே சரிசெய்துவிடுவார். குறைந்த பணம் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய பெரிய சொத்து காலம். அதையும் அவசரத்தில் செலவழித்துவிட்டால் உண்மையிலேயே வெறுங்கையாகிவிடுவார்.

எனவே தோட்டம் போட நினைக்கும் எவருக்கும் நான் சொல்லக் கூடியது சிறிய ஒன்றுதான். நர்சரிக்கு இந்த வாரம் போக வேண்டாம். வாசலில் நின்று, வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வருகிற பங்குனியில் உங்கள் தெருவில் உதிரும் வேப்பஞ்சருகை யாராவது கொளுத்தப் போனால் தடுத்து, ஒரு சாக்கில் அள்ளி வந்து வையுங்கள். ஆடியில் அது உங்களுக்கு மண்ணாகும்.