போன உயிரின் நிறம்

கொலைக்கு மரணமே தண்டனை என்பவர்கள் சும்மா சொல்லவில்லை. போன உயிருக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை ராஜாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மனுநீதிச் சோழனை நாம் போற்றுவதும் மகனைப் பலியிட்டதற்காக அல்ல. கன்றின் உயிரையும் இளவரசன் உயிரையும் ஒரே தராசில் வைத்ததற்காகத்தான். தராசு சரியாக இல்லாவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில், ஜார்ஜியா ராஜ்யத்தில், 1978-இல் ஒரு மேஜை நாற்காலிக் கடையில் கொள்ளை நடந்தது. அங்கே வந்த வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

அப்பீலில் அவருடைய வக்கீல்கள் ஓர் ஆராய்ச்சியைக் கொண்டுபோய் வைத்தார்கள். டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் சகாக்களும் 1970-களில் அங்கே நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளைப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். செத்தவர் வெள்ளையரானால் நூறு வழக்கில் 11-இல் மரண தண்டனை; கறுப்பரானால் நூற்றில் 1. குற்றத்தின் கொடூரம் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் வித்தியாசம் 4.3 மடங்கு நின்றது. கொன்றவன் நிறத்தைப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும். செத்தவன் நிறத்தை அதைவிட உற்றுப் பார்க்கிறார்கள் என்பதுதான் புதுச் செய்தி.

1987-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். ஐவரும் கணக்கைப் பொய் என்று தள்ளவில்லை. இந்த வழக்கில் இன்னார் நிறவெறியோடு நடந்தார் என்று காட்டு என்றார்கள். இந்த வாதத்தை ஏற்றால் குற்றவியல் நீதி முறை முழுவதுமே கேள்விக்குள்ளாகும் என்றும் அஞ்சினார்கள். நீதி மிதமிஞ்சிப் போய்விடுமோ என்ற பயம் இது என்றார் மாறுபட்ட நீதிபதி பிரென்னன்.

இன்னொருவன் தப்பினான் என்பதற்காகக் குற்றவாளி நிரபராதி ஆகிவிடுவானா என்று கேட்கலாம். ஆகமாட்டான். அந்தப் போலீஸ்காரரின் வீட்டாரிடம் போய் இந்தப் புள்ளி விவரத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அடுத்த தெருவில் மகனைப் பறிகொடுத்த கறுப்புத் தாய் ஒருத்தி இருப்பாளே, அவளிடம் ராஜாங்கம் என்ன சொல்கிறது? உன் பிள்ளைக்குச் சிறைத் தண்டனை போதும் என்கிறது. வஞ்சிக்கப்பட்டவர் மின்சார நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டும் அல்ல.

அப்படியானால் கறுப்பரைக் கொன்றவர்களையும் அதே விகிதத்தில் கொன்று சமன் செய்யலாமே என்பார் உண்டு. கணக்கு நேராகும், நிறுக்கும் கை அதேதானே? எந்த வழக்கில் மரணம் கேட்பது என்பது சர்க்கார் வக்கீலின் இஷ்டம். கறுப்பர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் நூற்றுக்கு 70-இல் கேட்டார்கள். கறுப்பர் கறுப்பரைக் கொன்றால் 15-இல். இந்த இஷ்டத்தை எந்தச் சட்டத்தால் அடைப்பது?

தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல் அதே வருஷம் ஓய்வு பெற்றார். எந்தத் தீர்ப்பிலாவது உங்கள் வாக்கை மாற்ற விரும்புவீர்களா என்று 1991-இல் அவருடைய வரலாற்றை எழுதியவர் கேட்டார். மெக்ளெஸ்கி வழக்கில் மாற்றுவேன் என்றார் பவல். மெக்ளெஸ்கியை அந்த வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி கொன்றார்கள். தீர்ப்பு இன்றும் ரத்தாகவில்லை.