உதிர்வதற்கு முன் இலை செய்வது

வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் செப்டம்பர் கடைசியில் உச்சிக் காடுகள் முதலில் நிறம் மாறும். பிறகு வாரக்கணக்கில் அந்த மஞ்சளும் சிவப்பும் அடிவாரத்துக்கு இறங்கி வரும். இலங்கையில், எங்கள் மதுரங்குளியில் அப்படியொரு பருவம் இல்லை. இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணித்தியாலத்துக்குள்தான் கூடிக் குறைகிறது. இலைகளை உதிர்ப்பது குளிரல்ல, பெரும்பாலும் வறட்சிதான். ஆனாலும் நிறம் மாறத்தான் செய்கிறது. மாரி மழை ஓய்ந்த பிறகு வேம்பு மஞ்சளித்துக் கொட்டும். முற்றத்து வாதுமை பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை செங்கல் நிறமாகி மொட்டையாகும். களப்போரக் கண்டல் காட்டில் தில்லையின் முதிர்ந்த இலைகள் பச்சைக்கு நடுவே சிவந்து தெரியும். இந்த மாற்றத்திலிருந்து சமயங்கள் பெரும்பாலும் நிலையாமையையே படித்திருக்கின்றன. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். கத்தோலிக்கர் குருத்தோலை ஞாயிறன்று ஏந்திய ஓலையை எரித்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனன்று நெற்றியில் இடுகிறார்கள். அந்தப் பாடம் தவறென்று சொல்ல வரவில்லை. அது பாதிப் பாடம் என்கிறேன். மீதிப் பாதி, இலையை உதிர்ந்த பிறகு பார்க்காமல் உதிர்வதற்கு முந்திய நாட்களில் பார்த்தால்தான் கிடைக்கும்.

அந்த நாட்களில் நடப்பது வெறும் அழிவன்று. மரம் முதலில் இலையின் பச்சையத்தையும் ஒளிச்சேர்க்கைப் புரதங்களையும் ஒழுங்காகப் பிரிக்கிறது. அவற்றில் இருந்த நைதரசனும் பொசுபரசும் நரம்புகள் வழியே கிளைக்குத் திரும்புகின்றன. சராசரியாகப் பாதி, பல மரங்களில் அதற்கும் மேல். பச்சை விலகியதும் முன்பே உள்ளே இருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாக வெளிப்படுகின்றன. காம்பின் அடியில் ஒரு பிரிபடை உருவாகி, இலை விழுந்த இடத்தில் புண் ஆறாமல் கிடக்காதபடி மூடிக்கொள்கிறது. சிவப்பின் கதை இன்னும் வியப்பானது. மஞ்சளைப் போல அது மிச்சமிருந்து வெளிப்படுவதில்லை. கடைசி நாட்களில் இலை புதிதாக உருவாக்கும் அந்தோசயனின் அது. போகப்போகிற இலை ஏன் புதிய சாயத்தைச் செய்ய வேண்டும்? வில்லியம் ஹோக்கும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அந்தோசயனின் உருவாக்க முடியாத செடிகள் கடும் ஒளியில் நைதரசனைக் குறைவாகவே மீட்டன. பச்சையம் சிதையும்போது வெயில் இலையைச் சுட்டுவிடாமல், திருப்பிக் கொடுக்கும் வேலை முடியும்வரை அந்தச் சிவப்பு காக்கிறது என்பதே இதன் பொருள். பூச்சிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கையே சிவப்பு என்று ஆய்வாளர்கள் ஹாமில்டனும் பிரவுனும் 2001இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் மாந்தளிரின் செம்பு நிறத்தையும் நம் தேசிய மரமான நாகமரத்தின் சிவந்த கொழுந்தையும் பார்த்தவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: இதே நிறம் பிறப்பிலும் வருகிறது. சிவப்பு சாவின் அடையாளம் என்பது நம் அவசர வாசிப்பு.

குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்து 59ஆம் வசனம், உதிரும் ஒவ்வோர் இலையையும் இறைவன் அறிகிறான் என்ற பொருள்படப் பேசுகிறது. நான்காம் அத்தியாயத்து 58ஆம் வசனம் அமானிதங்களை, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றை, உரியவரிடம் ஒப்படைக்கும்படி கட்டளையிடுகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க இலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இறந்தவரின் சொத்தை வாரிசுகள் பங்கிடுவதற்கு முன் அவருடைய கடனைத் தீர்க்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். இலையோ விழுவதற்கு முன்பே வாங்கியதைத் திருப்பத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அது காட்டும் அத்தாட்சி ‘நீயும் போவாய்’ என்பதோடு நிற்கவில்லை; போகும் முன் எதை எந்த ஒழுங்கில் ஒப்படைக்கிறாய் என்றும் கேட்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை லேசானவை அல்ல. இலைக்கு மனமில்லை, கூர்ப்பு நடத்திய சிக்கனத்துக்கு அறத்தின் பெயரைச் சூட்டுகிறாய் என்று ஒருவர் கேட்கலாம். இலை நல்லெண்ணத்தோடு கொடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. அத்தாட்சி என்பது அதைப் பார்க்கிறவரை நோக்கியது. நிலவுக்கு எண்ணம் இல்லாமலே நாம் பிறையைக் கண்டு நோன்பு பிடிக்கிறோம். இயற்கையிலிருந்து கடமையை உண்டாக்க முடியாதுதான். ஏற்கெனவே கட்டளையாக உள்ள கடமையை நினைவூட்ட அதற்கு முடியும். இன்னொரு மறுப்பு பக்தியின் பக்கமிருந்து வருகிறது: இறைவன் அறிவதே போதாதா, எந்த மரம் எந்த வாரம் பழுத்தது என்று மனிதன் ஏன் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்? இறைவனின் அறிவுக்கு நம் குறிப்பேடு தேவையில்லை. நமக்குத் தேவை. இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய பருவக் குறிப்புகளை அவருடைய குடும்பம் 1958வரை தொடர்ந்தது. காலநிலை மாறுவதை ஆராய்கிறவர்கள் இன்று அவற்றைத் தேடிப் போகிறார்கள். பருவத்தை நம் பிறை நாட்காட்டியும் காட்டாது: ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. எனவே றமழான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. வேம்பு எப்போது பழுக்கும் என்பதைப் பிறையால் சொல்ல முடியாது, மரத்தைத்தான் பார்க்க வேண்டும். கவனித்துச் சிந்திக்கும்படி சொன்ன வேதத்துக்குக் கீழ்ப்படிவதன் ஒரு பகுதியே அந்தப் பார்வை.

திருப்பிக் கொடுத்தது பாதி என்றால் மற்றப் பாதி வீண்தானே என்பது கடைசிக் கேள்வி. களப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கண்டல் மரத்தடியில் விழும் இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துத் தின்கின்றன. மக்கும் துகள்களில் நுண்ணுயிர்கள் வளர, அவற்றைச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை இறாலும் மீன் குஞ்சுகளும் தின்கின்றன. முந்தல் களப்பிலும் புத்தளம் களப்பிலும் வலை வீசுகிறவரின் பிடிக்குள்ளும் அந்த இலையின் பங்கு உண்டு. 1980களிலிருந்து இந்தக் கரையில் கண்டல்களை வெட்டி இறால் பண்ணைகள் தோண்டினார்கள். பிறகு நோய் வந்து பல குளங்கள் கைவிடப்பட்டன. நடந்தது மர இழப்பு மட்டுமன்று. இலை ஒப்படைக்க வேண்டியதை வாங்குவதற்கே ஆளில்லாமல் செய்தார்கள். இதைச் சுற்றாடல் தினத்துக்குரிய விடயமாக ஒதுக்கிவிடாமல், அமானிதத்துக்குச் செய்த மோசடியாகவே ஜும்ஆ மேடையில் பேச வேண்டும்.