ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆழ்வார்

உலோகம் எப்போது தெய்வமாகிறது என்ற வினாவுக்கு ஆகமங்கள் தெளிவாக விடை கூறுகின்றன. ஸ்தபதி வார்த்தெடுத்த படிமம் பிரதிஷ்டையாலும் ஆவாஹனத்தாலும் சாந்நித்தியம் பெறுகிறது. ஆனால், அந்தச் சாந்நித்தியம் களவு போன திருமேனியோடு கடல் கடந்து போகிறதா, ஊரிலேயே தங்கிவிடுகிறதா? நந்தனத்திலிருந்து மயிலைக் கேசவப் பெருமாள் சந்நிதிக்கு நடந்தே போய்ப் பழகிய எனக்கு, ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்த காலத்தில், விடுமுறை நாளொன்றை ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கழித்தபோதுதான் இந்த ஐயம் எழுந்தது.

கிரேக்கச் சலவைக்கற்களையும் எகிப்தியச் சவப்பெட்டிகளையும் ரசனையோடு பார்த்துவந்த கண், வாளும் கேடயமும் ஏந்தி நின்ற திருமங்கையாழ்வாரிடம் வந்ததும், ரசிப்பதா சேவிப்பதா என்று தடுமாறியது. கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் தானாகவே இறங்கியும் விட்டது.

பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வெண்கலத் திருமேனி கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு உரியது. 1957-இல் கோயிலில் எடுத்த அதன் புகைப்படம் ஒன்று புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரிடம் இருக்க, 1967-இல் லண்டன் ஏலத்தில் அருங்காட்சியகம் அத்திருமேனியை விலைக்கு வாங்கியிருக்கிறது. கோயிலில் இருப்பது போலி என்று சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் பின்னாளில் கண்டறிந்தனர். திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 2024-இல் இசைந்தது.

அப்படியானால், இடைப்பட்ட காலத்தில் அந்தப் போலிக்கு நடந்த திருமஞ்சனமும் சாற்றுமுறையும் வீண்தானா? வீண் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அர்ச்சாவதாரத்தின் தத்துவமே, சர்வ சுதந்திரனான இறைவன் நீராட்டினால் நீராடி, அமுது செய்வித்தால் அமுது செய்து, அர்ச்சக பராதீனனாகத் தன்னைத் தாழவிட்டுக்கொள்கிறான் என்பது. தொண்டுக்காகவே இவ்வளவு இறங்கி வந்தவன், உலோகத்தின் பூர்வோத்தரம் அறியாமல் தொண்டு செய்தவர்களைக் கைவிட்டிருப்பானா?

ஆனால், கைங்கரிய சம்பந்தம் இல்லாத கண்ணுக்கு விக்கிரகம் வேறொன்றாகவே தெரியும். குருபரம்பரைக் கதைகளின்படி, திருவரங்கத் திருப்பணிக்காக நாகப்பட்டினத்துப் பொற்புத்தரைக் கவர்ந்து உருக்கியவர் இந்த ஆழ்வாரே. பௌத்தர் பகவானைக் கண்ட இடத்தில் அவர் பொன்னைக் கண்டார். நாம் ஆழ்வாரைக் காணும் இடத்தில் அருங்காட்சியகத்தார் கலையைக் கண்டார்கள். அவர்களைப் பழிக்கும் நாம் மட்டும் எதைக் காண்கிறோம்? மீண்டுவந்த திருமேனிகளில் பல, பாதுகாப்பைக் காரணம் காட்டி, அரசின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் நித்திய பூஜையின்றி அடைபட்டிருக்கின்றன. நாம் காண்பது சொத்தைத்தான் என்று தோன்றுகிறது.

போலியிடமும் இறைவன் தொண்டை ஏற்பான் என்றால் அசலை ஏன் கேட்க வேண்டும் என்று வினவலாம். தலைமுறை தலைமுறையாக ஓர் ஊர் செய்துவந்த கைங்கரியத்தை இடையில் அறுத்த அநியாயம் தீர வேண்டும், அதற்காகவே கேட்கிறோம். ஆகவே, விமான நிலையத்தில் மாலையிட்டு வரவேற்பதோடு அந்த நியாயம் நிறைவேறிவிடாது. ஊர்க் கோயிலுக்குக் காவலும், அர்ச்சகருக்கு வயிறு நிறையும் சம்பளமும், ஒருவேளைத் தளிகைக்காவது வழியும் செய்துவைத்துவிட்டு ஆழ்வாரை அழைப்பதே முறை. அது நம்மால் ஆகாதென்றால், ஆக்ஸ்ஃபோர்டின் கண்ணாடிக்கும் நம்முடைய இரும்புக் கதவுக்கும் தத்துவ ரீதியாக யாதொரு பேதமும் இல்லை.