தக்தீரும் தாயின் நலனும்

குறையுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அல்லாஹ்வின் நாட்டம் என்று கூறி மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம். அது ஈமானின் சொல், பொறுமையின் சொல். ஆனால், பிறப்பதற்கு முன்பே அதே சொல்லைக் கூறிக்கொண்டு வாளாவிருப்பது முறையாகுமா?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்று கொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் செய்தியறிந்து வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். காத்துக்கொள்ளும் வழியும் விதிக்குள் அடங்கியதே என்பது இதனால் விளங்கும்.

தாயின் வயிற்றிலும் இதே நிலைதான். குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டுவடமும் ஒரு சிறு குழாயாகவே தொடங்குகின்றன. கரு உண்டான 28 நாட்களுக்குள் அக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கலாம். சில வேளை உயிரே தங்காது. ஃபோலிக் அமிலம் என்னும் சத்து இதைப் பெருமளவு தடுக்கிறது. முன்பு இத்தகைய குழந்தையைச் சுமந்த தாய்மார்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வெளியாயிற்று. கருத்தரிக்கும் முன்பிருந்தே அச்சத்து மாத்திரையை உண்டவர்களிடம் அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்திருந்தது. ஏனைய பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, முதல் 3 மாதங்கள் வரை உண்ண வேண்டும். முன்பு அக்குறையுள்ள குழந்தையைச் சுமந்தவர்களுக்கு அளவு கூடுதல். மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். நாள் தள்ளிப் போயிற்றோ என்று அவள் எண்ணிக் கொண்டிருக்கும்போதே அந்த 28 நாட்கள் முடிந்துவிடுகின்றன. பிறகு சொல்லும் அறிவுரை இந்தக் குறையைத் தடுக்காது. ஆகவே, அறியாத தாயைக் குறை கூறுவது அநீதி. எல்லாம் செய்தும் சில குழந்தைகள் குறையுடன் பிறப்பதுண்டு. அங்கும் பழி அவள்மீது இல்லை. அறிந்தும் அவளுக்குச் சொல்லாத நம்மிடமே கேள்வி இருக்கிறது.

சிசுவுக்குத் தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணி, ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய ஷரீஅத் இடம் தந்திருக்கிறது. பிறவாத குழந்தைக்கும் உரிமையுண்டு என்பதற்கு இது போதாதா?

நிக்காஹ் பேசும்போது நகையும் சீரும் பேசுகிறோம். மணப்பெண்ணின் இரத்தசோகையைப் பற்றியும் இந்தச் சிறு மாத்திரையைப் பற்றியும் யார் பேசுகிறோம்? தாய்மார்களே, மாமியார்களே, கணவன்மார்களே! இந்த அறிவு உங்களிடம் ஓர் அமானத். உரியவளிடம், உரிய காலத்தில் சேர்த்து விடுங்கள். வல்ல அல்லாஹ் நற்கிருபை செய்வானாக! ஆமீன்.