நடந்தவனுக்குச் சொந்தமா அருவி?

பாடுபட்டு அடைந்த பொருளில் நமக்கு உரிமை அதிகம் என்று நினைக்கிறோம். உழுதவனுக்கு நிலம், தேடியவனுக்குத் திரவியம் என்பது நாம் சந்தேகிக்காத நியாயங்களில் ஒன்று. இந்த நியாயத்தை ஒரு மலையருவியிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? சில நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வியைக் கிளப்பிவிட்டவர் என் நண்பர் ஒருவர். மலையேறுவதில் அவருக்குப் பித்து. வருஷத்தில் நாலைந்து முறையாவது தோளில் பையை மாட்டிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கேயாவது ஒரு காட்டுக்குள் புகுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு திரும்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. குற்றாலத்துப் பேரருவியை அவர் அருவியென்றே ஒப்புக்கொள்வதில்லை. "பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கடை தாண்டி, எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவே இடித்துப் பிடித்து நிற்பதற்குப் பெயர் அருவியா? அது பெரிய குழாயடி. நடந்து போய்ப் பார்க்காதவன் அருவியைப் பார்த்ததே இல்லை" என்பார்.

குழாயடி என்றதை மன்னிக்க முடியாவிட்டாலும், அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை நான் மறுக்க மாட்டேன். செண்பகாதேவிக்கு ஏறத் தடையில்லாதிருந்த நாட்களில் நானும் ஏறியிருக்கிறேன். பேரருவிக்கு மேலே சுமார் இரண்டரைக் கிலோமீட்டர்தான். ஆனால் சாரல் காலத்தில் அந்த இரண்டரையும் பத்தாகிவிடும். செங்கோட்டைக்கு அருகே மலைத் தொடர் சற்றே தாழ்ந்து கணவாயாகிறது. தென்மேற்குப் பருவத்து மேகங்கள் அந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆனி, ஆடி மாதங்களில், மழையென்றும் சொல்ல முடியாமல் பனியென்றும் சொல்ல முடியாமல் ஒரு ஈரம் காற்றோடு வந்து முகத்தில் அப்பிக்கொண்டே இருக்கும். பாறை வழுக்கும். வேரைப் பிடித்தால் வேர் வழுக்கும். காலில் ஏறிய அட்டை இரத்தம் குடித்து விழுந்த பிறகுதான் ஏறியது தெரியும். அருவியின் சத்தம் முதலில் வரும்; ஒரு வளைவில் காணாமற் போகும்; ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்கிறபோது வேறொரு திசையிலிருந்து பழையபடி வரும். கடைசியில் மரங்கள் விலகி அந்த வெள்ளை தெரிகிறபோது, பார்ப்பது கண் மட்டுமல்ல. மூச்சிரைக்கிற மார்பும் நோகிற கெண்டைக்காலும் சேர்ந்து பார்க்கின்றன. சதுரகிரிக்கும் வெள்ளியங்கிரிக்கும் நம் ஜனங்கள் ஏறுவது சும்மாவா? நடை என்பது தரிசனத்துக்குக் கொடுக்கிற விலையென்று எண்ணாமல், தரிசனத்தின் முதற் பகுதி என்றே அவர்கள் எண்ணி வந்திருக்கிறார்கள்.

ஆக, நடந்தவனுக்கு அனுபவம் அதிகம். சரி. ஆனால் 'எனக்கு அனுபவம் அதிகம்' என்று தொடங்குகிற மனம், அடுத்த மூச்சில் 'ஆகவே எனக்கு உரிமை அதிகம்' என்று முடிக்கிறதே, அந்த இடத்தில்தான் நண்பரோடு எனக்குப் பிணக்கு.

உழைப்புத்தான் அளவுகோல் என்றால் நடையில் நமக்கு முன்னே போகிறவன் கணக்கை யார் எழுதுவது? குற்றாலத்துக்குத் தெற்கே, இதே மலைத் தொடரில் அகத்தியமலை இருக்கிறது. அதன் இரண்டு சரிவுகளிலும், தமிழகத்துப் பக்கமும் கேரளத்துப் பக்கமும், காணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1987ஆம் ஆண்டு தாவர ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேரளத்துப் பக்கம் அந்தக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டக் காணி இளைஞர்கள் கூடப் போனார்கள். படித்தவர்கள் ஏற்றத்தில் இளைத்துத் துவண்டார்கள். வழிகாட்டிகளோ அவ்வப்போது ஏதோ சிறு காயை வாயில் போட்டு மென்றுகொண்டு, களைப்பின் சுவடே இல்லாமல் நடந்தார்கள். அது என்னவென்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள், குலத்தின் இரகசியம். வற்புறுத்தியபின் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று பெயர். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து பிறந்தது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமை ஒரு மருந்து நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது, வருகிற தொகையில் பாதி காணி மக்களுக்கென்று ஏற்பாடாயிற்று. உலகத்தில் பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று என்று பாராட்டினார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் சொன்னவர்கள் சிலர், இரகசியமோ எல்லோருடையது. அதைச் சொல்ல இந்தச் சிலருக்கு என்ன அதிகாரம் என்று காணிகளுக்குள்ளேயே பேச்சு எழுந்தது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் மருந்தல்ல. அந்த நடையைத்தான் யோசித்துப் பார்க்கிறேன். நமக்குச் சாகசமாக இருக்கிற ஏற்றம் அவர்களுக்கு அன்றாடப் போக்குவரத்து. நாம் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறபோது, நம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பவன், 'நான் அருவியை வென்றேன்' என்று ஊருக்குப் போய்ச் சொல்வதில்லை. வியர்வையைத் தராசில் போட்டுக் காட்டைப் பங்கிடுவதானால் நண்பருக்கும் எனக்கும் ஒரு சுள்ளி கூடக் கிடைக்காது.

நடக்காதவர்கள் பக்கத்தையும் பார்க்கலாம். தென்காசியில் எனக்கு ஓர் அத்தை உண்டு. முழங்கால் போய்ப் பல வருஷம் ஆயிற்று. வருஷந்தோறும் சாரலுக்கு ஒரு நாள் பேரருவிக்கு வந்து, பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்துவிட்டுப் போவாள். நண்பர் ஒரு முறை அவளிடமே தம்முடைய சித்தாந்தத்தை எடுத்துவிட்டார். தேனருவியின் அழகையும், பாறையிடுக்கில் தொங்குகிற தேனடைகளையும் விஸ்தாரமாகச் சொல்லி, "நீங்கள் பார்த்ததெல்லாம் மிச்சம்தான்" என்றார்.

அத்தை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன் தம்பி, மேல விழுந்த தண்ணிதானே இங்கெயும் விழுது? அது அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு. பெறகு நான் எதுக்கு நடக்கணும்?"

நண்பர் சிரித்து மழுப்பினார். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. அத்தை சொன்னது பூகோளப்படியே சரி. சிற்றாறு தேனருவியாக விழுந்து, செண்பகாதேவியாக விழுந்து, பிறகுதான் பேரருவியாகிறது. அங்கேயும் நேரே நம் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவே பொங்குமாகடல் என்று ஒரு குடைவு; தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து வழிகிறது. அந்தக் குடைவு மட்டும் இல்லாதிருந்தால் அத்தையின் தலை தாங்குமா, அல்லது யாருடைய தலைதான் தாங்கும்? அதற்குப் பிறகும் ஆறு நிற்பதில்லை. வயல்களுக்கும் குளங்களுக்கும் கொடுத்தது போக மிச்சத்தைத் தாமிரபரணியில் கொண்டு சேர்க்கிறது. குற்றாலத்தைக் கண்ணால் பார்த்திராத ஒரு விவசாயி அந்தத் தண்ணீரில்தான் நாற்று நடுகிறான். அவனுக்கு அருவியில் பங்கில்லை என்று சொல்ல நண்பருக்கும் துணிவு இருக்காது.

இனி, பூட்டிக் கிடக்கிற அருவிகளைப் பற்றி. தேனருவிக்குப் போகப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. செண்பகாதேவிக்கும் நினைத்தபோதெல்லாம் ஏறிவிட முடியாது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணையில் படகேறிப் போய்ப் பார்த்த பாணதீர்த்தமும் நெடுங்காலம் மூடியே கிடந்தது. இந்தத் தடைகளைக் கண்டால் நண்பருக்கு ஆத்திரம் வரும். "யாரும் பார்க்காத அழகு இருந்தென்ன, போயென்ன?" என்பார்.

தடைக்குச் சொல்லப்படும் முதற் காரணம் உயிர். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத் தீ கொண்டுபோயிற்று. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தபோது 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கார் போகிற இடம் அது. மேலே எங்கோ பெய்த மழை கீழே நிற்பவனுக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை.

ஆனால் இரண்டாவது காரணம்தான் நண்பரின் கேள்விக்கு நேர் விடை என்று எனக்குப் படுகிறது. யாரும் பார்க்காத அழகு என்கிறாரே, 'யாரும்' என்றால் யார்? இந்த மலைத் தொடரின் ஓடைகளில் சின்னஞ்சிறு தவளைகள் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டு மட்டும் அவற்றில் 14 புதிய இனங்களை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். தண்ணீரின் இரைச்சலில் ஆண் தவளையின் குரல் எடுபடாது. ஆகவே அது பாறையில் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து வீசிக் காட்டுகிறது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெண்ணுக்குச் சொல்கிற பாஷை அது. எதிரிக்கும் அதுவே எச்சரிக்கை. களக்காட்டு மலையில் சிங்கவால் குரங்குகள் மரத்தின் உச்சியிலேயே பிறந்து, உண்டு, பெரும்பாலும் தரையிறங்காமலே வாழ்கின்றன. இவையெல்லாம் பார்வையாளர்கள் இல்லையென்றால் நாமும் பெரிய பார்வையாளர்கள் அல்ல. ஷாம்பு உறையும் பிளாஸ்டிக் தட்டும் விட்டுவிட்டு வருகிறவனை எந்த வீட்டில் இரண்டாம் முறை அழைப்பார்கள்?

கதை எழுதுகிறவனாக இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நான் படைக்கிற பாத்திரங்களின் மனத்தில்கூடச் சில அறைகளைத் திறக்காமல் விட்டுவிடுகிறேன். அங்கே ஒன்றுமில்லை என்பதாலல்ல. திறந்தால் அந்த மனுஷி சின்னதாகிவிடுவாள் என்ற பயம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனம் முழுக்கத் தடையின் கட்சியில் சேர மறுக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப் பாதைகளைத் திறந்து, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போக ஏற்பாடு செய்தது. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் இருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் கட்டணம் கட்டி, கணினியில் பதிவு செய்து, சென்னையிலிருந்து வருகிறவருக்குத் திறக்கிற பாதையில், மலையடிவாரத்தில் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை ஏற முடியுமா? அவன் அப்பன் செலவில்லாமல் ஏறிய மலை அது. நடந்தவன் உரிமை கொண்டாடுவது தவறென்றால், பணம் கட்டியவன் கொண்டாடுவது அதைவிடச் சரியாகிவிடாது. காட்டைக் காப்பதும் வேண்டும், அந்தப் பையனும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்கிற இரண்டு ஆசைகளையும் ஒரே கயிற்றில் கட்ட எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடையை மட்டும் நண்பர் எதிர்த்து நான் பார்த்ததில்லை. பேரருவியில் பாதுகாப்புக்காக ஒரு வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பெருகி அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். அப்படியொரு நாள் நாங்கள் போயிருந்தோம். தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகும் சுள்ளியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகப் பல ஊர்களிலிருந்து வந்த ஜனம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. யாரும் நனையவில்லை, யாரும் திரும்பிப் போகவும் இல்லை. தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் இரண்டு மணி நேரம் அண்ணாந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.