துக்க வீட்டுச் சாட்சியம்

ஒரு தாயின் வாக்குமூலத்துக்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஹேக் நகரில், சர்வதேசக் குற்றங்களை விசாரிக்கும் ஓர் அலுவலகத்தில், ஆறு மாத காலம் வருகைப் பகுப்பாய்வாளனாக இருந்தபோது. சம்பளம் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு திரைகள், கழுத்தில் அடையாள அட்டை. எந்த நாடு, எந்தத் தாய் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

ராணுவ உளவுத் துறைகளிலிருந்து வந்த பழைய முறை ஒன்று உண்டு. சொன்னவர் எவ்வளவு நம்பத் தக்கவர் என்பதற்கு ஓர் எழுத்து, ஏ முதல் எஃப் வரை. சொன்ன விஷயம் எவ்வளவு நம்பத் தக்கது என்பதற்கு ஓர் எண், 1 முதல் 6 வரை. இரண்டிலும் கடைசிப் படி பொய்யைக் குறிப்பதல்ல. தீர்மானிக்க முடியவில்லை என்பதையே குறிக்கிறது. அந்தத் தாய்க்கு நான் போட்டது எஃப் 6. போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

காரணம் இருந்தது. வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு ஆட்களிடம் அவள் மூன்று முறை பேசியிருந்தாள். முதல் தடவை, மகனைக் கொண்டுபோனதைத் தான் பார்க்கவில்லை, அடுத்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள் என்றாள். இரண்டாம் தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாவதில் மகன் திரும்பி, கதவைத் தாழ்போட்டுக்கொள்ளச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கதை அவளுக்கு நெருங்கி வந்துகொண்டிருந்தது.

துக்க வீட்டுக்குப் போய் வந்த யாருக்கும் இது புதிதல்ல. "எப்படி ஆச்சு?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். முதல் நாள் காலையில் அந்த வீட்டுப் பெண் சொல்வது சிதறிக் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் அதற்கு ஒரு முன்பின் வந்துவிடுகிறது. பத்தாம் நாளில், செத்துப்போனவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை ஒன்று அதில் சேர்ந்திருக்கிறது. இதைப் பொய் என்று சொல்கிறவன் மனிதர்களோடு வாழத் தெரியாதவன். சொல்லிச் சொல்லித்தான் அவள் அந்தச் சாவைத் தாங்கக் கூடியதாக ஆக்கிக்கொள்கிறாள். கேட்கிறவர்களும் அதற்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ஆனால் அங்கே குணமாக்குகிற காரியம் இங்கே சாட்சியத்தைக் கெடுக்கிறது. திரும்பச் சொல்லப்பட்ட ஒவ்வொரு தடவையும் எங்கள் கணக்கில் ஒரு கறை. எழுத்தாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கதையில் எந்த விவரம் நம் நம்பிக்கையைப் பிடித்துக்கொள்கிறதோ, அந்தத் தாழ்ப்பாள் மாதிரியான விவரம், அதுதான் அந்த அலுவலகத்தில் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறது. நல்ல வாசகன் நிமிர்ந்து உட்காருகிற இடத்தில் பகுப்பாய்வாளன் பென்சிலை எடுக்கிறான்.

பயிற்சிக்காக எனக்குக் கொடுத்தவை முடிந்துபோன வழக்குகளின் பகிரங்கப் பதிவுகள். யூகோஸ்லாவியாவுக்காக 1993இல் ஏற்படுத்தப்பட்டு 2017இல் மூடப்பட்ட நீதிமன்றத்தின் தாள்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்த பிறகு சில நாட்களுக்குள் 7,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். புதைத்த இடங்களைப் பின்னர் இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடந்தன.

இந்த வழக்குகளில் மிகவும் பயன்பட்ட சாட்சிகளில் ஒருவன் டிராஜென் எர்டமோவிச். தாய் அல்ல, சுட்டவன். ஜூலை 16 அன்று பிரான்யேவோ பண்ணையில், பஸ்களில் கொண்டுவரப்பட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்ட குழுவில் இருந்தான். மறுத்தால் தன்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் செய்ததாகச் சொன்னான். அன்று சுமார் 1,200 பேர் செத்திருப்பார்கள் என்றும், தான் சுட்டது எழுபது பேர் அளவில் இருக்கலாம் என்றும் சொன்னான். பிடிபட்ட பிறகு மிரட்டி வாங்கிய வாக்குமூலம் அல்ல. 1996இல் தானாகப் பத்திரிகைக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசியது. வானிலிருந்து எடுத்த படங்களும் தோண்டியெடுத்த குழியும் அவன் சொன்னதோடு பொருந்தின. முதலில் பத்து வருஷம், பிறகு 1998இல் ஐந்து வருஷம் என்று தண்டனை குறைந்தது. பல வழக்குகளில் வந்து சாட்சி சொன்னான்.

அந்தத் தாளை நான் பல நாள் வைத்துக்கொண்டிருந்தேன். என் அட்டவணைப்படி அவன் மேல்படியில் நிற்கிறான், அவள் கீழ்ப்படியில். தன் நலனுக்கு விரோதமாகப் பேசுகிறவனின் சொல்லுக்கு எடை அதிகம் என்பது நியாயமான விதி. யாரும் சும்மா தன்னைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் இந்த விதியின் மறுபக்கத்தில், இழப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லாதவளின் சொல்லுக்கு எடையே இல்லாமல் போகிறது. இந்த அபத்தத்தை அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப வருஷம் இதைச் செய்தவர். சிரிக்கவில்லை. அதனால்தான் பொருள்களைத் தேடுகிறோம் என்றார்.

பொருள்கள் இருந்தன. கோஸ்லுக் என்ற இடத்தில், பாட்டில் தொழிற்சாலைக்காரர்கள் உடைசல் கொட்டிய மண்ணில் சுட்டார்கள். பின்னால் உடல்களை வேறு குழிக்கு மாற்றியபோது கண்ணாடித் துண்டுகளும் கூடவே போயின. அந்தத் துண்டுகள் இரண்டு குழிகளையும் இணைத்துக் காட்டிவிட்டன. செத்தவர்களில் சிலர் மணிக்கட்டில் சீகோ கடிகாரம் இருந்தது. சாவி கொடுக்கத் தேவையில்லாதது. கை அசைகிறவரை தானே முறுக்கிக்கொள்ளும். கை நின்றபின் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஓடிவிட்டு நின்றுவிடும். கிழமையும் தேதியும் முகப்பில். அந்த ஜூலை நடுவில் அவை நின்றிருந்தன. குறுக்கு விசாரணையில் அசையாத சாட்சி.

கொன்றவர்களின் பாஷையும் அந்தத் தாள்களில் இருக்கிறது. அவர்களுடைய வானொலி, தொலைபேசிப் பேச்சுகளை எதிர்த்தரப்பு ராணுவ ஆபரேட்டர்கள் மலை உச்சிகளில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டு நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிவைத்தார்கள். ஜூலை 15 அன்று ஓர் அதிகாரி ஒரு ஜெனரலிடம், இன்னும் 3,500 பொட்டலங்கள் விநியோகிக்க வேண்டியிருக்கின்றன என்கிறார். பொட்டலம் என்பது கைதி. இதைப் படித்த அன்று, அந்த வார்த்தைக்கும் என் எஃப் 6க்கும் என்ன தூரம் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

தூரம் உண்டு. அந்த வார்த்தை மறைப்பதற்காகச் செய்யப்பட்டது. என் குறி, எதிராளி வந்து சோதித்துப் பார்க்கட்டும் என்று செய்யப்படுவது. என்றோ ஒரு நாள் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்தத் தாயிடம் ஜன்னலைப் பற்றிக் கேட்பார். அதை நான் முன்கூட்டியே, அவள் காதில் விழாமல், கேட்டுவிடுகிறேன். அவளை அந்த அவமானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருக்கலாம். அல்லது அடுத்த வீட்டுக்காரரைத் தேடலாம். அவளை நம்பாமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்யக்கூடிய உபகாரம். இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, அதற்கும் ஒரு மதிப்பெண் போடத் தோன்றுகிறது. அடுத்த வீட்டுக்காரரைத் தேடினோமா என்பது எனக்குத் தெரியாது. அதற்குள் என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. வருகையாளன் என்பதற்கு அர்த்தம் இதுதான்: கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறவன்.

ஊரில் அப்பா இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் சாவை அம்மா ஒரு விதமாகச் சொல்வாள். அவர் காபி கேட்டார், இவள் ஆற்றிக்கொண்டிருந்தாள், கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது, டம்ளரோடு வந்து பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. எத்தனையோ முறை கேட்டது. ஊர் வந்த இரண்டாம் வாரம் மறுபடி சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"அந்த வாரம் கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்ததேம்மா."

உண்மைதான். கடைக்காரர் கொடுத்த சீட்டுகூட அப்பாவின் சட்டைப்பையில்தான் இருந்தது.

"அப்படியா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அடிச்ச மாதிரிதான் ஞாபகம்" என்றாள்.

திவசத்துக்குச் சித்தப்பா வந்திருந்தார். சாப்பிட்டபின் பேச்சு அப்பாவிடம் வந்தது. காபி கேட்டார், ஆற்றிக்கொண்டிருந்தேன் என்று அம்மா ஆரம்பித்தாள். என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றார் சித்தப்பா.

"அப்புறம் என்ன, போயிட்டார்" என்றாள்.