பெட்டிக்குள் ஏற்றிய விளக்கு

ஒரு பொருளிடத்துத் தோன்றும் ஒளி அதற்கே உரியதா, பிறிதொன்றிலிருந்து வந்து சேர்ந்ததா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பலவும் விடாது ஆராய்ந்த வினா. அறிவின் இயல்பை முன்னிட்டு எழுந்த அவ்வினாவை, பழைய மேசைக் கணினியின் பெட்டிக்குள் எல்.இ.டி. விளக்குப் பட்டையை ஒட்டிப் பொலிவூட்டும் இக்கால வழக்கத்தின்மீதும் எழுப்பலாம். அவ்விளக்கால் கணினியின் விரைவும் நினைவகமும் சிறிதும் கூடுவதில்லை, ஆயினும் அதைப் பொருத்துபவர் தம் கணினிக்கு ஏதோ நன்மை செய்துவிட்டதாகவே உணர்கிறார்.

தமிழ்நாட்டில் அந்தப் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்றே மக்கள் வழங்குகின்றனர். மையச் செயலகம் என்று பொருள்படும் அப்பெயர், உள்ளே தாய்ப்பலகைமீது அமர்ந்து கணக்கிடும் சிறு சில்லுக்கு மட்டுமே உரியது; உடம்பைச் சுட்டி ‘நான்’ என்று சொல்லும் பழக்கத்தைப் போலவே, உள்ளிருப்பதன் பெயர் இங்கும் உறைக்கு ஏறிவிட்டது. பழைய பெட்டிகளின் முகப்பில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு: மின்சாரம் வந்திருப்பதைக் காட்டுவது ஒன்று, ஹார்டு டிஸ்க் படிக்கும்போதும் எழுதும்போதும் துடிப்பது மற்றொன்று. இவை அறிவிக்கும் விளக்குகள். உள்ளே நிகழாத எதையும் இவை சொல்வதில்லை. புதிதாக ஒட்டப்படும் பட்டையோ, மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் கம்பியிலிருந்து 12 வோல்ட் பெற்று, கணினி வேலை செய்தாலும் வாளாவிருந்தாலும் ஒரே சீராக எரிகிறது. அது அணி செய்யும் விளக்கு.

ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் தட்சிணாமூர்த்தி தோத்திரத்தில், பல துளைகளையுடைய குடத்தின் நடுவே எரியும் பெருவிளக்கு ஓர் உவமையாக வருகிறது. உணர்வு என்னும் விளக்கு, புலன்களாகிய துளைகளின் வழியே வெளிப்பட்டு உலகை விளக்குகிறது என்பது அதன் கருத்து. காற்றுத் துளைகளின் வழியே நீல ஒளி கசியும் கணினிப் பெட்டி பார்வைக்கு அவ்வுவமையின் வடிவமாகவே தோன்றும். ஆனால் ஒப்புமை தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. அத்துவைதம் கூறும் விளக்கு சுயம்பிரகாசம், அதாவது தன்னைக் காட்டப் பிறிதோர் ஒளியை வேண்டாதது. பட்டை விளக்கோ கணினியைப் போலவே இரவல் மின்சாரத்தால் வாழ்வது.

விழுப்புரம் மாவட்டத்தின் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், 12 சூத்திரங்களாலான சிவஞானபோதத்தின் வழியே தமிழ்ச் சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளமிட்டவர். அந்த மரபின் நோக்கு இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு, ஆயினும் கதிரொளியின்றி அதனால் காண இயலாது. உயிரும் அவ்வாறே அறியும் இயல்பு உடையதாயினும் இறைவன் அறிவித்தாலன்றி அறியாது என்பர் சித்தாந்திகள். தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைப் படிகம் ஏற்பதுபோல் உயிரும் சார்ந்ததன் இயல்பை ஏற்கும் என்னும் கருத்தை அவர்கள் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்றனர். பெட்டியின் பக்கத் தகட்டுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் கண்ணாடி, உள்ளே சிவப்பு எரிந்தால் சிவந்தும் பச்சை எரிந்தால் பசுத்தும் நிற்பதை இக்கருத்தோடு வைத்து எண்ணுவது தகும். அந்நிறம் கண்ணாடியினுடையது அன்று. அதனாலேயே அது பொய்யும் அன்று. கடன்பெற்ற ஒளியைத் தன்னது என்று கொள்ளும்போதுதான் பிழை பிறக்கிறது.

இனி, அதே மாவட்டத்தில் செஞ்சிக்கு வடக்கேயுள்ள சமணக் குன்றாகிய திருநாதர்குன்றை நோக்கலாம். 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறையுடைய அக்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைப் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அவர் சார்ந்த சமணத்தின் கொள்கைப்படி உயிருக்கு ஒளியைச் சேர்க்க வேண்டியதே இல்லை. எல்லையற்ற அறிவு அதற்கு இயல்பாகவே உண்டு, நுண்துகள்களாகிய வினை தூசிபோல் படிந்து அதை மறைத்திருக்கிறது. நோன்பு அத்துகளை உதிர்ப்பது. இத்தகைய கொள்கையுடைய சமணமும் புறவிளக்கை வெறுத்ததில்லை என்பது கருதத்தக்கது: மகாவீரர் வீடுபேறு அடைந்த இரவில், அறிவொளி மறைந்தமையால் பொருளொளியையேனும் ஏற்றுவோம் என்று அரசர்கள் விளக்கேற்றியதாகச் சுவேதாம்பரரின் கற்பசூத்திரம் கூறுகிறது. மறைந்த ஒளிக்கு அவ்விளக்குகள் ஈடாகா என்பதை அறிந்தே அவர்கள் ஏற்றினர்.

கணினிப் பெட்டிக்குள் ஏற்றும் விளக்கு முதலில் காட்டுவதும் தூசியையே. பல ஆண்டுகளாக இருளில் கிடந்த விசிறியின் இதழ்களிலும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளிலும் படிந்த சாம்பல்நிறப் படலம் காற்றோட்டத்தைத் தடுக்க, சில்லு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஒளி பட்ட பின் அப்படலத்தைக் காணாதிருக்க முடியாமையால், பொருத்தியவர் தூரிகையையும் ஊதுகருவியையும் எடுக்க நேர்கிறது. வேகத்தைக் கூட்டாத விளக்கு, அதைத் தடுத்து நின்றதைக் காட்டிக் கொடுக்கிறது. அணிக்கும் அறிவிப்புக்கும் இடையே மேலே கண்ட பிரிவு இவ்விடத்தில் தளர்கிறது. ஆயுத பூசையன்று தமிழகத்து அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கணினிப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோர், அதை முதலில் துடைத்துவிட்டே பொட்டு வைக்கின்றனர்.